வண்ண ஆடையில் வெளிறு

வெள்ளைச் சட்டையை வெளுப்பதற்காக வாளியில் ஊற்றிய நீர்மம், அருகில் கிடந்த கருநீலப் பாவாடையின்மேல் நான்கு துளி தெறித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பள்ளிப் பிள்ளைகள் உள்ள இல்லங்களில் இஃது அரிய நிகழ்ச்சியன்று. மலேசியத் தொடக்கப் பள்ளிச் சீருடையில் வெள்ளையும் கருநீலமும், இடைநிலைப் பள்ளிச் சீருடையில் வெள்ளையும் வெளிர்நீலமும் அல்லது வெள்ளையும் பச்சையும் இணைந்தே வருகின்றன. ஒன்றை வெளுக்க வேண்டும். மற்றொன்றைக் காக்க வேண்டும். இரண்டும் ஒரே குளியலறையில், ஒரே குழாயடியில் நடைபெறுகின்றன. தெறித்த சில நிமிடங்களுக்குள் கருநீலத்தில் செம்மஞ்சள் நிறப் புள்ளிகள் தோன்றிவிடுகின்றன. கண்டவர் உடனே சவர்க்காரம் இட்டுத் தேய்க்கின்றார். அதனாற் பயனில்லை என்றவுடன், கறைக்கு மருந்து என்று கேள்விப்பட்ட எலுமிச்சம் பழச்சாற்றையோ வினிகரையோ எடுத்து ஊற்றுகின்றார். முன்னது வீண் வேலை. பின்னதோ நச்சுக் காற்றை வரவழைக்கும் வேலை. இவை ஏன் அவ்வாறாகின்றன என்பதையும், அந்த ஆடையை வீட்டிலேயே எவ்வளவு தூரம் மீட்கலாம் என்பதையும் ஈண்டுக் காண்போம்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு சொல். இதனை எல்லாரும் கறை என்கின்றோம். கறையென்பது துணியின்மேல் வந்து சேர்ந்த ஒரு பொருள். குழம்பு சிந்தினாலும், மை கொட்டினாலும், வெற்றிலைச் சாறு பட்டாலும் துணியில் முன்பு இல்லாத ஒன்று வந்து ஒட்டிக்கொள்கிறது. அதனை எடுத்துவிட்டால் துணி பழைய நிலைக்குத் திரும்பும். நாம் பேசும் புள்ளியிலோ வந்து சேர்ந்தது ஒன்றுமில்லை. முன்பு இருந்த சாயம் அழிந்து போயிருக்கிறது. இல்லாத ஒன்றை எத்துணை தேய்த்தாலும் எடுக்க இயலாது. ஆதலின் இதற்குக் கறை என்னும் பெயர் பொருந்தாது. அப்பெயரே மக்களைத் தவறான வைத்தியத்துக்குத் தூண்டுகிறது. தமிழில் இதற்கு வேறொரு நல்ல சொல் உண்டு. அதுதான் வெளிறு. நிறம் மங்கிய நிலையைக் குறிக்கும் இச்சொல், உள்ளே வயிரம் ஏறாத மரத்துக்கும் பெயராய் வழங்கியது. திருக்குறளில் தெரிந்துதெளிதல் அதிகாரத்தில் அறியாமை என்னும் பொருளிலும் ஆளப்பட்டுள்ளது. நிறம் போதல், உறுதி போதல் ஆகிய இரண்டு கருத்தும் ஒரே சொல்லில் அடங்கியிருத்தல் நம் பொருளுக்கு மிகவும் இயைபுடையது. ஏனெனில் வெளுப்பு நீர்மம் பட்ட பருத்தி நூல் நிறத்தை மட்டுமா இழக்கிறது? தன் வலிமையையும் இழக்கிறது. மலாய் மொழியில் இந்நீர்மத்துக்குப் ‘பெலுந்தூர்’ என்று பெயர். ‘லுந்தூர்’ என்றால் சாயம் மங்குதல். போத்தலின்மேல் அச்சிட்டிருக்கும் அம்மலாய்ச் சொல்லே அதன் தொழிலை ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிடுகிறது.

துணி வெளுத்தல் நமக்குப் புதிய தொழிலன்று. ஆடை ஒலித்துக் கஞ்சிப் பசை தோய்க்கும் பெண்ணைப் புலைத்தி என்ற பெயரால் குறுந்தொகையும் நற்றிணையும் காட்டுகின்றன. பிற்காலத்தில் உவர்மண்ணும் வெள்ளாவியும் சலவைத் தொழிலின் உயிர்நாடியாக இருந்தன. உவர்மண்ணின் காரம் எண்ணெய்ப் பசையை இளக்கும். நீராவி அதனை நூலிடையிலிருந்து வெளியேற்றும். வெயில் மெல்ல மெல்ல வெளுக்கும். அம்முறையைக் கடல் கடந்து கொணர்ந்த இந்தியச் சலவைத் தொழிலாளரின் நினைவாகவே சிங்கப்பூரில் ஒரு பெருவிரைவு இரயில் நிலையம் தோபி காட் என்னும் பெயர் தாங்கி நிற்கிறது. பினாங்கிலும் ஒரு தோபி காட் உண்டு. நம்மவர் அதனை வண்ணாந்துறை என்பர்.

ஐரோப்பாவிலும் நிலைமை ஏறக்குறைய இதுவே. ஒல்லாந்தில் சணல் துணியைக் காரநீரில் வேகவைத்துப் புல்வெளியில் விரித்து, புளித்த மோரில் ஊறவைத்து, மீண்டும் வெயிலில் விரித்து வெளுப்பதற்கு மாதக் கணக்காகும். அத்துணை நாள் நிலத்தையும் ஆளையும் கட்டிப்போட்ட அவ்வேலையைச் சில மணி நேர வேலையாக மாற்றியது ஒரு வாயு. 1774-இல் சுவீடன் நாட்டு ஷீலே பசுமஞ்சள் நிறமுள்ள அவ்வாயுவைப் பிரித்தெடுத்தார். அது காய்கறிச் சாயங்களை வெளிறச் செய்வதையும் அவரே கண்டார். அதனைத் துணி வெளுக்கப் பயன்படுத்தலாம் என்று 1780-களில் எடுத்துக் காட்டியவர் பிரெஞ்சு நாட்டுப் பெர்த்தோலே. பாரிஸ் நகரை அடுத்த ஜாவெல் என்னும் ஊரில் அவ்வாயுவைக் காரநீரில் கரைத்துச் செய்த நீர்மம் ‘ஜாவெல் நீர்’ என்று விற்பனைக்கு வந்தது. 1799-இல் ஸ்காட்லாந்தின் சார்ல்ஸ் டென்னன்ட் அதனைச் சுண்ணாம்போடு சேர்த்து வெளுப்புத் தூளாக்க உரிமம் பெற்றார். வாயுவுக்குக் குளோரின் என்று பெயரிட்டவர் ஹம்ப்ரி டேவி, ஆண்டு 1810. இன்று கடையில் நாம் வாங்கும் வெளுப்பு நீர்மம் ஜாவெல் நீரின் நேர்வழித் தோன்றல். நம் இல்லங்களில் ஒரு வணிகப் பெயரே எல்லா வகைக்கும் பொதுப் பெயராகி, யார் செய்ததாயினும் ‘குளோரொக்ஸ்’ என்று சொல்லும் வழக்கம் வேரூன்றிவிட்டது. அதனுள் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட் என்னும் உப்பு. வீட்டு உபயோகத்துக்கு வருவதில் பெரும்பாலும் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் அது கரைந்திருக்கும். கெடாதிருக்கச் சிறிது காரமும் சேர்த்திருப்பர். தொட்டால் விரல் வழவழப்பது அக்காரத்தினால்தான்.

இனி, சாயம் எவ்வாறு அழிகிறது? ஒரு பொருள் தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கி எஞ்சியதைத் திருப்பி அனுப்புகிறது. அந்த எச்சமே நம் கண்ணுக்கு நிறமாகிறது. சாய மூலக்கூறில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறித் தொடர்ந்து வரும் ஒரு நீண்ட அமைப்பு உண்டு. ஒளியை விழுங்கும் ஆற்றல் அந்தத் தொடரில்தான் இருக்கிறது. 1856-இல் இலண்டனில் பதினெட்டு வயது இளைஞரான வில்லியம் பெர்க்கின் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டபின் ஆயிரக்கணக்கான சாயங்கள் ஆக்கப்பட்டன. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை ‘ஏசோ’ என்னும் வகையின. இவ்வகையில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பால் கைகோத்து, இருபுறமும் இரண்டு வளையங்களை இணைத்து நிற்கின்றன. ஹைப்போகுளோரைட் இந்தப் பாலத்தைத் தாக்கி உடைத்துவிடுகிறது. பாலம் உடைந்தபின் எஞ்சும் துண்டுகள் துணியில் இருந்தாலும், தண்ணீரோடு போனாலும், அவற்றுக்கு நிறமில்லை. முறிந்த துண்டுகளைத் துணியின்மேலேயே மீண்டும் பொருத்தி முன்போற் செய்வதற்கு வீட்டிலும் வழியில்லை, ஆலையிலும் வழியில்லை.

கருநீலம் ஏன் வெள்ளையாகாமல் செம்மஞ்சளாகிறது என்ற வினா இங்கு எழலாம். கருமை, கருநீலம், கரும்பச்சை போன்ற அடர்நிறங்களைப் பெரும்பாலும் ஒரே சாயத்தால் பெறுவதில்லை. நீலமும் சிவப்பும் மஞ்சளும் வெவ்வேறு அளவிற் கலந்து பெறுகின்றனர். அவற்றுள் குளோரினுக்கு முதலில் இரையாவது ஒன்று. கடைசிவரை தாக்குப்பிடிப்பது வேறொன்று. நீலம் முந்தி அழிந்தால் சிவப்பும் மஞ்சளும் மட்டும் எஞ்சிச் செம்மஞ்சளாய்த் தெரிகின்றன. ஆகவே புள்ளியின் நிறத்தைப் பார்த்தே எந்தச் சாயம் போயிற்று, எது மிச்சம் என்று ஒருவாறு ஊகிக்கலாம். இவ்வறிவு பின்னர்ப் பழுது பார்க்கையில் பெரிதும் உதவும்.

துணியின் நார் எத்தகையது என்பதும் முக்கியம். பருத்தி சாயத்தை இழந்து சற்றே நலியும். பட்டும் கம்பளியும் விலங்குப் புரதத்தால் ஆனவை. அவற்றை இந்நீர்மம் மஞ்சளாக்கி, அடர்த்தியாகப் பட்டால் கரைத்தே விடும். பட்டுப் புடைவையில் இது பட்டால் பெரும்பாலும் நிறத்தைப் பற்றிக் கவலைப்படும் கட்டம் கடந்துபோயிருக்கும். பாலியெஸ்டர் நாருக்குள் புகுந்திருக்கும் சாயம் எளிதில் அழிவதில்லை. சீருடைத் துணிகளில் பாலியெஸ்டரும் பருத்தியும் கலந்து நெய்தவை மிகுதியாதலின், பருத்தி நூல் மட்டும் வெளிறி, பாலியெஸ்டர் நிறத்தோடு நின்று, புள்ளி முழு வெண்மையடையாமல் மங்கலாய்க் காணப்படும்.

துளி பட்டவுடன் செய்ய வேண்டியதற்கு வருவோம். துணியை உடனே குளிர்ந்த நீர்க் குழாயின் கீழ்ப் பிடித்து, பின்புறத்திலிருந்து நீர் பாயுமாறு பல நிமிடங்கள் அலச வேண்டும். வெந்நீர் கூடாது, சூடு தாக்குதலை விரைவுபடுத்தும். தேய்த்தலும் கூடாது, அது நீர்மத்தைப் பக்கத்து நூல்களுக்குப் பரப்பும். வாசனை போனபின்னும் நூலுக்குள் சிறிது ஹைப்போகுளோரைட் தங்கியிருக்கும். அதனை முறிக்காவிட்டால் அது மெல்லத் தன் வேலையைத் தொடரும். சில வாரங்களுக்குப் பின் புள்ளி இருந்த இடத்தில் ஓட்டை விழுவது இதனாற்றான். மேலே புதுச் சாயம் பூசினாலும் அதனையும் தின்றுவிடும். முறிப்பதற்கு இரண்டு பொருள்கள் எளிதிற் கிடைக்கின்றன. ஒன்று, மருந்துக் கடைகளில் நூற்றுக்கு மூன்று பங்கு வலிமையில் விற்கும் ஹைட்ரஜன் பெராக்சைட். அதில் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு நீர் சேர்த்து, நன்கு அலசிய துணியைச் சில நிமிடங்கள் அமிழ்த்தி எடுத்து மீண்டும் அலசினால் போதும். அது ஹைப்போகுளோரைட்டோடு கூடிச் சாதாரண உப்பாகவும் நீராகவும் பிராண வாயுவாகவும் மாறிவிடும். மற்றொன்று, சோடியம் தயோசல்பேட். புகைப்படக்காரர் இருட்டறையில் ‘ஹைப்போ’ என்று வழங்கிய அதே பொருள். மீன்தொட்டி வைப்போர் குழாய்நீரின் குளோரினைப் போக்க இதன் படிகங்களைப் பயன்படுத்துவதால் மீன் கடைகளில் இன்றும் வாங்கலாம். ஒரு லிட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டி ஏராளம்.

வினிகர் வெளுப்பு நீர்மத்தை முறிக்கும் என்று பலர் நம்புகின்றனர். இந்நம்பிக்கையைப் பள்ளிக்கூடத்திலேயே களைந்துவிட வேண்டும். காரநிலையில் இருக்கும் வரையில் குளோரின் நீரில் கட்டுண்டு கிடக்கிறது. வினிகர், எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசல், கழிவறை கழுவும் அமிலம் இவற்றுள் எது சேர்ந்தாலும் கட்டு அவிழ்ந்து குளோரின் வாயு வெளிவரும். 1915 ஏப்ரல் 22-இல் பெல்ஜியத்தின் ஈப்பர் களத்தில் படைவீரர்மேல் ஏவப்பட்டது இதே வாயுதான். சாளரமற்ற சிறு குளியலறையில் சிறிதளவு வந்தாலும் கண் எரியும், மார்பு அடைக்கும். ஆஸ்துமா உள்ளவர் பாடு சொல்ல வேண்டா. அமோனியா கலந்த துப்புரவுப் பொருளோடு சேர்ந்தால் குளோரமின் என்னும் வேறொரு நச்சாவி உண்டாகும். குழந்தை சிறுநீர் கழித்த துணியை அலசாமல் வெளுப்பு நீரில் போடுவதும் சிறிய அளவில் இதே விளைவைத் தரும். மூச்சு திணறினால் துணியை மறந்து, கதவைத் திறந்து வெளியே நல்ல காற்றுக்கு வந்துவிட வேண்டும். திணறல் தணியாவிடில் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இனிப் பழுது பார்க்கும் முறைகள். போன சாயத்தைத் திரும்பப் பெற இயலாது என்றோம். புதுச் சாயம் ஏற்றலாம், அல்லது அவ்விடத்தை மறைக்கலாம். இவ்விரண்டே வழி. பிற குறிப்புகள் அனைத்தும் இவற்றுள் ஒன்றின் வேற்றுருவே.

கடுகளவுப் புள்ளிகளுக்குத் துணியில் எழுதும் மைக்கோல் போதுமானது. சுற்றுப்புறத்து நிறத்தைவிட ஒரு மாற்று வெளிர்ந்த நிறத்தை முதலில் இட்டு, உலர்ந்தபின் மேலும் ஒரு முறை இட வேண்டும். ஈரத்தில் எந்த நிறமும் அடர்ந்து தோன்றும்; அதனை நம்பி நிறுத்திவிட்டால் உலர்ந்ததும் புள்ளி மீண்டும் பல்லிளிக்கும். நிறப் பொருத்தத்தைப் பகல் வெளிச்சத்திற் பார்த்தல் நன்று. வேறு வேறு சாயங்களால் ஆன இரண்டு நீலங்கள் விளக்கொளியில் ஒன்றுபோல் தோன்றி, வெயிலில் வேறாகிவிடுவதுண்டு. இங்குதான் புள்ளியின் மிச்ச நிறம் பயன்படுகிறது. செம்மஞ்சளுக்கு எதிர்நிறம் நீலம். செம்மஞ்சள் புள்ளியின்மேல் தெளிந்த நீலத்தை ஏற்றினால் இரண்டும் கூடிக் கருமை நோக்கிச் செல்லும். மஞ்சளேறிய வேட்டிக்கு நம் பாட்டிமார் சிறிது நீலம் போட்டு வெண்மையாகக் காட்டியதும் இந்த எதிர்நிற இயல்பைக் கொண்டுதான். அங்கே சிறிதளவு, இங்கே மிகுதி, அவ்வளவே வேறுபாடு.

மருத்துவச் சாராயத்தில் நனைத்த பஞ்சால் புள்ளியின் சுற்றுப்புறத்திலிருந்து உள்நோக்கித் துடைத்துச் சாயத்தை இழுத்துக் கொணரலாம் என்பது பரவலான ஒரு குறிப்பு. சாயம் நூலோடு இறுகப் பிணையாத துணியில் மட்டுமே இது ஓரளவு பலிக்கும். 1956-இல் விற்பனைக்கு வந்த வினைபடு சாயங்கள் பருத்தி இழையோடு இரசாயன முறையில் பிணைந்துகொள்பவை. அவற்றைச் சாராயம் அசைக்காது. முயன்று பார்ப்பதில் தவறில்லை, பெரிதாக எதிர்பார்க்கக் கூடாது. மஞ்சள் தூளால் சாயமேற்றும் யோசனையும் சிலரிடம் உண்டு. அழகிய நிறந்தான், ஆனால் சவர்க்காரம் பட்டவுடன் சிவந்து, வெயில் பட்டவுடன் மங்கிவிடும். அறிவியல் ஆசிரியர்கள் அதனைக் காரம் காட்டும் குறியாகப் பயன்படுத்தட்டும், சட்டைக்கு வேண்டா.

புள்ளிகள் பலவாயின் முழு ஆடைக்கும் சாயமேற்றுவதே முறை. முழுப் பருத்தியாயின் குளிர்நீரில் வேலை செய்யும் வினைபடு சாயம் ஏற்றது. ஒரு லிட்டர் நீருக்கு ஏறக்குறைய 50 கிராம் சமையல் உப்பும், பின்னர் 10 கிராம் சலவைச் சோடாவும் வேண்டும். உப்பு, நீரிலுள்ள சாயத்தை நூலை நோக்கித் தள்ளும். சோடாவின் காரம் பிணைப்பை நிகழ்த்தும். முதலில் சாயமும் உப்பும் கரைந்த நீரில் நனைந்த ஆடையை இட்டு அரை மணி நேரம் கிளறிக்கொண்டே இருந்து, அதன்பின்னரே சோடாவைத் தனியே கரைத்துச் சேர்க்க வேண்டும். மேலும் ஒரு மணி நேரம் விட்டு, நீர் தெளியும்வரை அலச வேண்டும். குளிர்நாட்டார் இதற்கு வெதுவெதுப்பான நீரைத் தேடுவர். நம் தட்பவெப்பத்துக்குக் குழாய்நீரே போதிய சூடுடையது. கையுறை அவசியம். சாயத் தூள் மூக்கில் ஏறாதவாறு முகமூடி அணிதல் நல்லது. அந்த வாளியைப் பிறகு சமையலறைக்குக் கொண்டுபோகலாகாது.

முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு. பழைய நிறத்தைவிட இலேசான சாயத்தால் வெளிறு மறையாது. அதே அடர்த்தி அல்லது அதற்கு மேல் வேண்டும். அப்பொழுதும் புள்ளியிருந்த இடம் சிறிது வேறுபட்டே நிற்கலாம், அங்கே அடிப்படை நிறம் குறைவாதலின். தையல் நூல் பெரும்பாலும் பாலியெஸ்டர். அது சாயம் ஏற்காமல் பழைய நிறத்திலேயே நின்று ஆடை முழுவதும் வரி வரியாய்த் தெரியும். பள்ளிச் சின்னத்தைப் பிரித்தெடுத்துவிட்டுச் சாயமேற்ற வேண்டும், இல்லையேல் சின்னத்தின் வெண்மை போய்விடும். ஆடை பாதிக்கு மேல் பாலியெஸ்டராயின் இவ்வேலையில் இறங்காதிருப்பதே நலம். அதற்குரிய சாயம் கொதிநிலையில் நீண்ட நேரம் வேண்டுவது. வெளிறிய இடத்தை இரண்டு விரல்களுக்கிடையே பிடித்து மெல்ல இழுத்துப் பார்க்கவும் வேண்டும். நூல் இற்றுப்போயிருந்தால் சாயம் பூசி என்ன பயன்? அங்கே அடியில் ஒரு துணி வைத்துத் தைப்பதுதான் வழி.

மறைக்கும் முறைகள் நம்மிடம் வளமாகவே உள்ளன. சட்டைப் பையளவு துணியை ஒட்டுப்போட்டுத் தைக்கலாம். பாவாடையின் ஓரத்தில் விழுந்த புள்ளிகளை நாடா வைத்து மறைக்கலாம். பெண்களின் ஆடையில் நூலால் ஒரு பூவோ கொடியோ வேய்ந்துவிட்டால், அது அங்கே இருக்க வேண்டியதே போலாகும். கிளந்தானிலும் திரெங்கானுவிலும் பத்தேக் தீட்டுவோர் உருக்கிய மெழுகால் கோடிழுத்து, அக்கோட்டுக்குள் தூரிகையால் வண்ணம் நிரப்பி, சோடியம் சிலிக்கேட் பூசி நிறத்தை நிலைநிறுத்துகின்றனர். அவர்கள் கையாளுவதும் வினைபடு சாயமே. சிதறிய புள்ளிகளையே பூவின் நடுவாக வைத்து இதழ் வரைந்தால், வீட்டுச் சட்டைக்கு அழகாக அமையும். சீருடைக்கு இந்த உரிமை கிடையாது என்பது மெய்தான். அதற்கு ஒட்டும் உள்மடிப்பும் தவிர வேறு வழி காண்பது அரிது. மாறாக, ஆடை முழுவதையும் வெளுப்பு நீரில் முடிச்சிட்டு நனைத்து வேண்டுமென்றே வெளிறு வடிவம் ஆக்குவாரும் உளர். நீலச் சட்டைக்கு இது பொருந்தும். அவுரி நீலம் குளோரினுக்கு விரைவில் இளகுவது, ஜீன்ஸ் துணியை ஆலையில் வெளிறச் செய்ததும் இவ்வாறே. எனினும் அதன்பின் பெராக்சைடாலோ ஹைப்போவாலோ முறிக்காமல் விட்டால், ஒரு பண்டிகைக்குப் போட்ட சட்டை மறு பண்டிகைக்குக் கிழிந்திருக்கும்.

குளியலறை வெளுப்பு நீர்மம் ஒன்றே குற்றவாளியன்று என்பதையும் சொல்லவேண்டும். தலையணை உறையிலும் துவாலையிலும் காரணம் தெரியாமல் செம்மஞ்சள் வட்டங்கள் தோன்றுமாயின், வீட்டில் முகப்பருவுக்குக் களிம்பு பூசும் இளைஞர் உண்டா என்று பார்க்க வேண்டும். அக்களிம்புகள் பலவற்றில் உள்ள பென்சாயில் பெராக்சைட் சாயத்தை அழிக்கக் கூடியது. பூசியவர் வெள்ளைத் துவாலையைப் பயன்படுத்தினால் சிக்கல் தீர்ந்தது. 2020-இல் கோவிட் பெருந்தொற்றின்போது தரையையும் கதவுப் பிடிகளையும் நீர்த்த ஹைப்போகுளோரைட்டால் துடைத்த இல்லங்களில், கால்சட்டையின் அடி விளிம்பு வெளிறாத வீடு அரிது.

ஆடையின் உட்புறம் தைத்திருக்கும் சிறு சீட்டில் ஒரு முக்கோணம் இருக்கும். வெறும் முக்கோணமாயின் எந்த வெளுப்புப் பொருளும் ஏற்கும். உள்ளே இரண்டு சாய்கோடு இருந்தால் குளோரின் கலவாத வெளுப்பு மட்டும். குறுக்கே அடித்திருந்தால் எதுவும் கூடாது. சீட்டு கிழிந்துபோன பழைய ஆடையாயின், உள்மடிப்பில் ஒரு துளி நீர்த்த நீர்மத்தை இட்டுச் சில நிமிடம் பார்த்துக்கொள்ளலாம். நீர்மத்தைத் துணியின்மேல் நேரே ஊற்றாமல் முதலில் வாளி நீரில் கலந்து, பிறகு துணியை இட வேண்டும். வண்ண ஆடைகளை அப்பொழுது அந்த அறையிலேயே வைத்திருக்கலாகாது. மிச்சத்தைக் குடிநீர்ப் போத்தலில் ஊற்றி வைக்கும் வழக்கம் சில வீடுகளில் காணப்படுகிறது. நிறமற்ற அந்நீர்மத்தைத் தண்ணீர் என்று எண்ணிக் குழந்தை குடித்துவிடக் கூடும். அது வந்த போத்தலிலேயே, மூடியை இறுக்கி, எட்டாத உயரத்தில், வெயில் படாமல் இருக்கட்டும்.